ஒரு சோறு பதமா? முன்னோட்டங்களை நம்பாத ரசிகர்களின் கதை

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இந்தப் பழமொழி செல்லுபடியாக ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஒரு சோற்றைக் கரண்டி விட்டு எடுப்பது நாமாக இருக்கணும். சமைத்தவரே நல்லா வெந்ததாப் பார்த்து ஒரு பருக்கையை எடுத்து, வெள்ளித் தட்டில் வைத்து நீட்டினால் அது பதம் பார்க்கிறதாகுமா?

வீடியோ கேம் உலகத்தில் வெளியீட்டுக்கு முன்னால் காட்டப்படும் ட்ரெய்லர், டெமோ எல்லாமே இப்படி நீட்டப்படும் பருக்கைதான். அதைப் பார்த்துவிட்டு ரசிகர்கள், "இது சரியா வராது"ன்னு கூச்சல் போடுவது இன்று சடங்கு மாதிரி ஆகிவிட்டது. ரசிகர்னாலே புலம்புவாங்கன்னு ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் பழைய சண்டைகள் சிலவற்றை எடுத்து, யார் என்ன சொன்னார்கள், கடைசியில் என்ன நடந்தது என்று வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வேறொரு விஷயம் புலப்படுகிறது. மூன்று கேம்களை எடுத்துக்கொள்வோம். மூன்றுமே மாயாஜால உலகத்தில் நடக்கும் ரோல் பிளேயிங் கேம்கள். அதாவது, நீங்கள் ஒரு பாத்திரமாக மாறி, சண்டை போட்டு, பொருள் சேர்த்து, படிப்படியாகப் பலம் கூட்டிக்கொண்டு போகும் வகை. நூறு மணி நேரம் ஆடினாலும் தீராத கேம்கள் இந்த வகையில் உண்டு. அப்படிப்பட்டதை ஐந்து நிமிட வீடியோவில் காட்டுவது எப்படி? சிக்கல் அங்கேயே தொடங்குகிறது.

ஓக் மரம் வளரவே இல்லை

முதலில் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். இங்கிலாந்தின் லயன்ஹெட் நிறுவனம் 2004 செப்டம்பரில் 'ஃபேபிள்' என்ற கேமை எக்ஸ்பாக்ஸுக்கு வெளியிட்டது. அதன் முகமாக இருந்தவர் பீட்டர் மோலினியூ. பேச்சில் மன்னன். கேம் உருவாகிக்கொண்டிருந்த வருடங்களில் பத்திரிகைகளிடம் அவர் சொன்ன கனவுகள் ஏராளம். அதில் ஒன்று, நீங்கள் ஒரு ஓக் விதையை மண்ணில் தட்டிவிட்டால், கேமுக்குள் வருடங்கள் ஓட ஓட அது மரமாக வளர்ந்து நிற்கும் என்பது.

கேம் வந்தது. மரம் வளரவில்லை. கேம் மோசம் என்று சொல்ல முடியாது. நன்றாக விற்றது, நிறையப் பேருக்குப் பிடித்தும் இருந்தது. ஆனால் சொன்ன சோறு இலையில் விழவில்லை. 2004 அக்டோபரில் மோலினியூ தன் ரசிகர்களிடம் எழுத்து மூலமாகவே மன்னிப்புக் கேட்டார். தான் பேசிய அம்சம் ஏதாவது கேமில் இல்லாமல் போயிருந்தால் அதற்கு வருந்துவதாகச் சொன்னார். அவர் பொய் சொன்னார் என்பதை விட, செய்து பார்த்துக்கொண்டிருந்ததை எல்லாம் செய்து முடித்த மாதிரி பேசிவிட்டார் என்பதே பொருத்தம்.

அந்த ஓக் விதை ரசிகர்களிடையே ஒரு குறிச்சொல்லாகவே நின்றுவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது, இல்லையா? அடுத்து வந்த ஒவ்வொரு பெரிய வாக்குறுதிக்கும், "இதுவும் ஓக் மரமா?" என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

வானவில் பிடிக்கலை

2008 ஜூன் 28. பாரிஸில் நடந்த விழாவில் பிளிஸ்ஸார்ட் நிறுவனம் 'டயாப்லோ 3'-ஐ அறிவித்தது. முந்தைய பாகமான 'டயாப்லோ 2' வந்தது 2000-இல். எட்டு வருடக் காத்திருப்பு. கூட்டம் ஆரவாரம் செய்தது. சில நாளிலேயே குரல் மாறியது.

புகார் என்ன? கலர்! பழைய டயாப்லோ இருட்டு, ரத்தம், இடிந்த தேவாலயம், பாதாளம். புதிய காட்சிகளில் பச்சைப்புல், அருவி, அருவிமேல் ஒரு வானவில். "இது குழந்தைங்க கேம் மாதிரி இருக்கு" என்று கோபப்பட்டவர்கள் ஒரு மனுவே தொடங்கினார்கள். 50,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. சிலர் நிறுவனம் வெளியிட்ட படங்களைத் தாங்களே திருத்தி, சாம்பல் பூசி, "இப்படி இருக்கணும்" என்று காட்டினார்கள்.

கேமின் இயக்குநர் ஜே வில்சன் இதற்குப் பதில் சொன்னார். ஒரு நிலைப்படத்தில் சாம்பல் பூசுவது சுலபம், ஓடும் கேமில் அது எடுபடாது, எல்லாமே மங்கலாக இருந்தால் எதிரியைப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது என்பது அவர் வாதம். தொழில் தெரிந்தவரின் நியாயமான பதில்தான். நிறுவனம் அதோடு விடவில்லை, கிண்டலும் செய்தது. 2012-இல் கேம் வந்தபோது உள்ளே ஒரு ரகசியப் பகுதி இருந்தது. வானவில், ஒற்றைக்கொம்புக் குதிரைகள், சிரிக்கும் மேகங்கள், கரடிபொம்மைகள். மனு போட்டவர்களுக்கான நக்கல் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

ரசிகர்கள் ஏன் ஒரு வானவில்லுக்காக இவ்வளவு ஆடினார்கள்? இங்கே ஒரு பின்கதை இருக்கிறது. முதல் இரண்டு டயாப்லோவையும் செய்தது பிளிஸ்ஸார்ட் நார்த் என்ற தனிக்கிளை. அதன் மூலவர்கள் 2003-இல் விலகினார்கள். 2005-இல் கிளையே மூடப்பட்டது. இடையில் 2004-இல் தலைமை அலுவலகம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' உலகையே ஆட்டிப்படைத்தது, அதன் தோற்றம் பளிச்சென்ற கலர். இப்போது புது டயாப்லோவில் அதே சாயல் தெரிந்ததும் ரசிகருக்குப் பொறி தட்டியது. பாத்திரம் பழசு, சமைக்கிற கை வேற. "கலர் பிடிக்கலை" என்ற வாய்ச்சொல்லுக்கு அடியில் இருந்த பயம் அது. அந்தப் பயத்தை நேராகச் சொல்ல வார்த்தை கிடைக்காமல், கண்ணில் பட்ட வானவில்லைப் பிடித்துக்கொண்டார்கள்.

யாரும் பார்க்க முடியாத பக்கம்

இனிதான் முக்கியமான திருப்பம். 2011 ஆகஸ்டில் பிளிஸ்ஸார்ட் வேறு சில செய்திகளைச் சொன்னது. தனியாக ஆடினாலும் எப்போதும் இணைய இணைப்பு வேண்டும். கேமில் கிடைக்கும் வாள், கவசம் போன்றவற்றை நிஜப் பணத்துக்கு விற்க, வாங்க ஒரு ஏலக்கடை இருக்கும்.

மறுபடி கூச்சல். ஆனால் இந்தத் தடவை புகார் தோற்றத்தைப் பற்றியது கிடையாது, கேம் ஓடும் விதத்தைப் பற்றியது. "சர்வர் படுத்தா நான் தனியா ஆடறதும் நிக்குமா?", "நல்ல வாளைக் கடையில் வாங்க முடிஞ்சா, அரக்கனை எதுக்கு அடிக்கணும்?" இரண்டுமே சாதாரணக் கேள்விகள். இரண்டுக்கும் எந்த ட்ரெய்லரிலும் பதில் இருக்க முடியாது. வெளியீட்டுக்கு முன் நடந்த சோதனை ஓட்டத்திலும் முதல் அத்தியாயத்தின் தொடக்கப் பகுதி வரைதான் ஆடக் கிடைத்தது. பானையின் மேற்பரப்பு மட்டும்.

2012 மே 15 அன்று கேம் வெளியானது. முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சத்துக்கும் மேல் விற்றது. வாங்கியவர்களில் ஏராளமானவர்கள் பார்த்தது கேமை அல்ல, 'எரர் 37' என்ற அறிவிப்பை. சர்வர்கள் நெரிசலில் இருக்கின்றன, பிறகு வாருங்கள் என்று பொருள். காசு கொடுத்து வாங்கிய பொருளை, தனியாக ஆட நினைத்தவர்கூடத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஏலக்கடை விஷயம் அதைவிட மெதுவாக, அதைவிட ஆழமாகக் கடித்தது. டயாப்லோவின் உயிர்நாடியே அரக்கனை அடித்தால் என்ன விழும் என்ற ஆவல். கடையில் அதைவிட நல்லது மலிவாகக் கிடைத்தால் அந்த ஆவல் செத்துப்போகும். செத்துத்தான் போனது. 2013-இல் ஒரு மாநாட்டில் ஜே வில்சனே ஏலக்கடை கேமைக் காயப்படுத்தியதை ஒப்புக்கொண்டார். 2014 மார்ச் 18 அன்று கடை இழுத்து மூடப்பட்டது. ஒரு வாரம் கழித்து வந்த 'ரீப்பர் ஆஃப் சோல்ஸ்' என்ற கூடுதல் பாகம்தான் கேமை மீட்டது.

ஒரு சின்ன வேடிக்கையும் இருக்கு. அந்தக் கூடுதல் பாகத்தின் தோற்றம் முன்பைவிட இருட்டாக இருந்தது. 2019-இல் அறிவிக்கப்பட்ட 'டயாப்லோ 4' இன்னும் இருட்டு. ஆக, மனு போட்டவர்களின் ரசனையும் முழுசாகக் குப்பைக்குப் போய்விடவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால், கண்ணால் பார்த்ததை வைத்து எழுந்த சந்தேகம் கேமைக் கெடுக்கவில்லை. காட்டப்படாததைப் பற்றி எழுந்த சந்தேகம் அப்படியே பலித்தது. ஆனால் நிறுவனத்தின் காதில் இரண்டும் ஒரே இரைச்சலாகத்தான் விழுந்த மாதிரி தெரிகிறது. 2008-இல் ரசிகர்களைப் பார்த்துச் சிரித்ததில் தவறு பெரிசில்லை. அதே காதோடு 2011-லும் கேட்டதுதான் வினையானது.

கரண்டியை நீங்களே பிடிங்க

மூன்றாவது கதை இதற்கு நேர் எதிர். 'பால்டர்ஸ் கேட்' முதல் பாகம் 1998-இலும் இரண்டாவது 2000-இலும் வந்தவை. கனடாவின் பயோவேர் செய்தது. மூன்றாவது பாகத்தை அறிவித்தது பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம், 2019-இல். கிட்டத்தட்ட இருபது வருட இடைவெளி, முற்றிலும் வேறு கை.

2020 பிப்ரவரியில் பாஸ்டனில் நடந்த விழாவில் நிறுவனத்தின் தலைவர் ஸ்வென் விங்கே மேடையிலேயே கேமை ஆடிக் காட்டினார். பழைய ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். பழைய கேமில் சண்டை ஓடிக்கொண்டே இருக்கும், வேண்டிய இடத்தில் நிறுத்தி உத்தரவு கொடுக்கலாம். புதியதில் தாயம் மாதிரி ஆளுக்கொரு முறை. பழையதில் ஆறு பேர் குழு, புதியதில் நான்கு பேர். தரையெல்லாம் நெருப்பும் எண்ணெயுமாக இருப்பதைப் பார்த்து, "இது லாரியனோட 'டிவினிட்டி' கேம், பெயர்ப்பலகையை மட்டும் மாத்தியிருக்காங்க" என்றார்கள். பாத்திரம் பேசும் வசனங்கள் இறந்தகாலத்தில் எழுதப்பட்டிருந்ததும் பலருக்கு உறுத்தியது.

டயாப்லோவின் வானவில்லுக்கு அடியில் இருந்த அதே பயம்தான் இங்கேயும். லாரியன் செய்தது என்ன? புகார்களைப் பிரித்துப் போட்டது. ஆளுக்கொரு முறை என்பதை மாற்றவில்லை. இது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டிலிருந்து வருவது, அந்த விளையாட்டே முறை வைத்து ஆடுவதுதான் என்பது அவர்கள் நிலை. நான்கு பேர் என்பதும் மாறவில்லை. ஆனால் இறந்தகால வசனம் சில மாதங்களிலேயே போய்விட்டது.

அதைவிடப் பெரிய காரியம், 2020 அக்டோபர் 6 அன்று கேமின் முதல் அத்தியாயத்தை முழுமையடையாத நிலையிலேயே விற்பனைக்குத் திறந்துவிட்டார்கள். இலவசம் கிடையாது, முழு விலை. ஆனால் இது அரைவேக்காடு என்று சொல்லியே விற்றார்கள். கரண்டி ரசிகர் கைக்கு வந்தது. ஆடிப் பார்த்தவர்களின் புகார்கள் உடனே கூர்மையாகின. சாதாரண நெருப்பு மந்திரம்கூடத் தரையைப் பற்ற வைக்கிறது, மேட்டில் ஏறி நின்றாலே சண்டை பாதி முடிந்துவிடுகிறது என்று துல்லியமாகச் சொன்னார்கள். இரண்டும் பின்னால் திருத்தப்பட்டன. "டிவினிட்டி மாதிரி இருக்கு" என்ற மங்கலான முனகல், ஆடிப் பார்த்தபின் திருத்தக்கூடிய பட்டியலாக மாறியது.

2023 ஆகஸ்ட் 3 அன்று முழுக் கேமும் வந்தது. அந்த டிசம்பரில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த கேம் விருது. அடுத்த ஆண்டு பாஃப்டாவிலும் அதே. 2020-இல் முகம் சுளித்த பலர் சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இதிலும் ஒரு குறிப்பு உண்டு. வெளியானபோது அதிகம் புகார் வந்தது மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி. பெரிய நகரம், கம்ப்யூட்டர் திணறுகிறது, பிழைகள் தலைகாட்டுகின்றன. ரசிகர் கரண்டி போட்டுப் பார்த்தது முதல் அத்தியாயத்தில் மட்டும்தானே? கரண்டி எட்டாத அடிப்பானையில்தான் வேகாமல் இருந்தது.

சரி, யாரை நம்புவது?

இந்த மூன்று கதைகளிலும் ரசிகர்கள் எப்போதும் சரியும் இல்லை, எப்போதும் தவறும் இல்லை. அவர்களுடைய சந்தேகத்துக்குள் இரண்டு வேறு சரக்கு கலந்து கிடக்கிறது. ஒன்று, காட்டிய படத்தைப் பார்த்து வரும் ஒவ்வாமை. அது பெரும்பாலும் பழசின் மீதான பாசம், ஆறப்போட்டால் அடங்கிவிடக்கூடியது. இன்னொன்று, காட்டாமல் விட்டதைப் பற்றிய கேள்வி. அது மரத்தைப் பற்றியதாக இருக்கலாம், சர்வரைப் பற்றியதாக இருக்கலாம், கடையைப் பற்றியதாக இருக்கலாம். இதை ஆறப்போட்டால் வெளியீட்டு நாளில் வெடிக்கும்.

நமக்கும் இதில் நேரடியான பங்கு இருக்கு. இன்று பெரிய கேம்களில் பலவும் வெளியாகும் முன்பே முன்பதிவுக்கு வந்துவிடுகின்றன. டிஜிட்டலாக விற்கும் பொருள் தீர்ந்துபோகாது, அப்புறம் முன்பதிவு எதுக்கு? பதம் பார்க்குமுன்பே காசை வாங்கிக்கொள்ளத்தான். ஆகவே அடுத்த ட்ரெய்லர் வரும்போது, கலர் பிடிச்சிருக்கா இல்லையான்னு சண்டை போடுவதில் தப்பில்லை, அதுவும் ஒரு ஜாலிதான். கூடவே இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள்: இதில் எதைக் காட்டலை? சொன்னதை யாராவது வெளியாள் ஆடிப் பார்த்தாச்சா? என் காசுக்கு நான் வாங்கறதை நான் நினைச்ச நேரத்தில் ஆட முடியுமா?

பதில் வரவில்லை என்றால், சோறு வேகும்வரை காத்திருப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. விலையும் போகப்போகக் குறையத்தான் செய்யும்.