வழி சொல்லும் பெட்டிகளும் பொய் சொல்லும் பெட்டிகளும்

பெரியோர்களே, பெற்றோர்களே, இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளே, பரிசு வாங்காவிட்டாலும் கை வலிக்கக் கைதட்டும் பிள்ளைகளே!

எங்கள் பாட்டி கிள்ளானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் அடிக்கடி சொன்ன ஒரு கதையோடு தொடங்குகிறேன்.

அந்தத் தோட்டத்தில் கடைசி லயத்துக்கும் ஆபிசுக்கும் இரண்டு மைல். ஊருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் கொடுப்பார்கள். அவர் ஆபிசுக்கு இன்னும் கிட்டே இருப்பவரிடம் கொடுப்பார். இப்படிக் கைமாறித்தான் கடிதம் போய்ச் சேரும். ஒருநாள் ஓர் ஆள் வந்து, “நான் தினம் ஆபிசுக்குத்தான் போறேன், என்கிட்டயே கொடுங்க” என்றாராம். நல்லதாகப் போயிற்று என்று எல்லோரும் அவரிடமே கடிதத்தையும் தபால்தலைக் காசையும் கொடுத்தார்கள். மாதங்கள் ஓடின. ஊரிலிருந்து ஒரு பதிலும் இல்லை.

கிராணியாருக்குச் சந்தேகம் வந்தது. பெரட்டில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டார்: “எத்தனை கடிதம் கொடுத்தே? யார் கையில் கொடுத்தே?” தம்முடைய நோட்டோடு ஒத்துப் பார்த்தார். மூன்று லயத்துக் கணக்கும் அந்த ஒரே ஆளிடம் வந்து நின்றது! ஆள் அகப்பட்டார். ஆனால் அதற்குள் பாட்டியின் தகப்பனார் ஊரில் காலமாகிவிட்டார், மகள் தம்மை மறந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டே. பாட்டி அந்தக் காசுக்காக அழவில்லை. அதற்காகத்தான் கடைசி வரை அழுதார்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன்? கணினி உலகத்தின் வரலாற்றிலும் இதே கதை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

1969-இல் அமெரிக்காவில் அர்பாநெட் என்னும் கணினி வலை தொடங்கியது. இன்றைய இணையத்துக்கு அதுவே முன்னோடி. அதிலும் செய்தி கைமாறித்தான் போகும். ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியைப் பார்த்து, “அந்த ஊருக்கு உன் வழியாகப் போனால் எவ்வளவு தூரம்?” என்று கேட்கும். தூரம் குறைவு என்று சொல்லும் பெட்டியிடமே செய்தியைக் கொடுக்கும். 1970-களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த பெட்டியின் நினைவகம் பழுதானது. எல்லா ஊருக்கும் தூரம் பூச்சியம் என்று அது சொல்லத் தொடங்கியது. மற்றப் பெட்டிகள் நம்பின. செய்திகளெல்லாம் அங்கே போய் விழுந்தன. 1980 அக்டோபர் 27 அன்று இன்னொரு கோளாறு. பழுதால் பிறந்த மூன்று முரண்பட்ட செய்திகளில் எது புதியது என்று தெரியாமல் பெட்டிகள் அவற்றையே மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தன. வலை முழுவதும் சில மணி நேரம் முடங்கிப் போயிற்று.

இணையம் வளர்ந்த பிறகாவது பாடம் படித்தார்களா? 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டில் யூடியூபைத் தடுக்க ஒரு பொய் வழியை ஏற்படுத்தியது. அது எல்லை தாண்டிக் கசிந்தது. சுமார் இரண்டு மணி நேரம் உலகத்தில் பல இடங்களில் யூடியூபே கிடைக்கவில்லை.

நம்ம ஊரும் இந்த வரலாற்றில் இருக்கிறது. 2015 ஜூன் 12, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சற்று முன். வலையைச் சீரமைக்கும் வேலையில் ஏற்பட்ட தவறினால் டெலிகோம் மலேசியா, சுமார் 179,000 முகவரித் தொகுதிகளுக்குத் தன் வழியாகப் போகலாம் என்று லெவல் 3 என்னும் பெரிய நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டது. லெவல் 3 அதைச் சரிபார்க்காமல் ஏற்று உலகுக்கும் சொன்னது. கோலாலம்பூர்ப் பக்கமே வர வேண்டாத செய்திகளெல்லாம் இங்கே வந்து குவிந்தன. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பல நாடுகளில் இணையம் நொண்டியது. இது தாக்குதல் அல்ல, கைத்தவறு. ஆனாலும் சொன்னவரின் தவறு பாதி, கேட்காமல் நம்பியவரின் தவறு பாதி.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை 1886-இலேயே ரயில் ஓடியது. ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை நகர்த்தமாட்டார். “வழி காலியாத்தான் இருக்கு, போங்க” என்ற வாய்ச்சொல் அங்கே செல்லாது. நம்முடைய பாட்டன்மார் கட்டிக்காத்த அந்த ஒழுங்கைத்தான் கணினி உலகம் மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டது.

இப்போது கதை சின்னப் பெட்டிகளுக்கு வருகிறது. ஆற்று நீர்மட்டம், மண்ணின் ஈரம், மின்சார மீட்டர் முதலியவற்றை அளந்து சொல்லும் கருவிகள் தீப்பெட்டி அளவில் வந்துவிட்டன. இவற்றுக்குப் பேட்டரிதான் உயிர். அது வருடக்கணக்கில் தாங்க வேண்டும். நினைவகமோ பலவற்றில் சுமார் 10 கிலோபைட்தான். இவையும் கைமாற்றியே செய்தி அனுப்புகின்றன. இதற்கென ஆர்.பி.எல். என்ற விதிமுறை 2012 மார்ச்சில் வெளியிடப்பட்டது. அதன்படி ஒவ்வொரு பெட்டிக்கும் ரேங்க் என்று ஓர் எண் உண்டு. தலைமைப் பெட்டிக்குக் கிட்டே இருந்தால் சின்ன எண், தள்ளியிருந்தால் பெரிய எண்.

பெட்டிகளோ கம்பத்திலும் கரையிலும் காவலின்றி நிற்கின்றன. ஒருவன் ஒன்றைக் கழற்றிச் சென்றால் அதனுள்ளே இருக்கும் இரகசியச் சாவியும் அவன் கைக்குப் போய்விடும். ஆகவே பூட்டு மட்டும் போதாது. அந்தப் பெட்டியைக் கொண்டு, “நான் தலைமைக்குப் பக்கத்தில் இருக்கிறேன்” என்று சின்ன எண்ணைச் சொன்னால் போதும். அக்கம்பக்கத்துச் செய்திகளெல்லாம், மழைத்தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது போல, அதனிடம் ஓடும். அதுவோ விழுங்கிவிடும், அல்லது வேண்டியதை மட்டும் அனுப்பும். இத்தகைய ஆபத்துகளை அமெரிக்காவின் பெர்க்லியைச் சேர்ந்த கார்லாஃப், வாக்னர் இருவரும் 2003-இலேயே எடுத்துக்காட்டினார்கள்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? 2013-இல் சுவீடனில் ஷாஹித் ராஸா, வால்கிரென், வொய்ட் ஆகியோர் ‘ஸ்வெல்ட்’ என்ற காவல் முறையை வெளியிட்டனர். அது நம்ம கிராணியாரின் முறையேதான்! தலைமைப் பெட்டிக்குக் கரண்டும் பலமும் உண்டு. அது ஒவ்வொரு சின்னப் பெட்டியையும் கேட்கும்: “உன் ரேங்க் என்ன? உன் மேலாள் யார்? பக்கத்தில் இருப்பவர்களின் ரேங்க் என்ன?” பதில்களைக் கொண்டு வரைபடம் போடும். ஒரு பெட்டி தன்னைப் பற்றிச் சொல்வதும் அயலார் அதைப் பற்றிச் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். மேலாளின் எண்ணைவிடக் கீழாளின் எண் பெரிதாக இருக்க வேண்டும். மாறினால் சந்தேகம். ஆனால் ஒருமுறை மாறியதற்கே திருடன் என்று கத்தாது. காற்றில் செய்தி தவறுவது உண்டல்லவா? முரண்பாடு மீண்டும் மீண்டும் வந்தால்தான் மணியடிக்கும். கனமான வேலை தலைமைப் பெட்டிக்கு, இலேசான வேலை சின்னப் பெட்டிக்கு. ஆகவே பேட்டரியும் சீக்கிரம் தீராது. இதுவும் முழுமையான காவல் அல்ல. சில நேரம் நல்ல பெட்டியைச் சந்தேகிக்கும், சில நேரம் கள்ளனைத் தவறவிடும். ஆராய்ச்சி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வீடுகளின் மேல்மாடியைத் தொட்டது நினைவிருக்கிறதா? கூரையில் ஏறி உதவிக்குக் காத்திருந்தவர்களில் நம்மவரும் உண்டு. அந்த வெள்ளத்துக்குப் பொய்ப்பெட்டி காரணம் அல்ல. ஆனால் நாளை ஆற்றங்கரைக் கருவி “தண்ணி ஏறுது” என்று கூவும்போது, நடுவில் ஒரு பொய்ப்பெட்டி அதை விழுங்கினால் என்ன ஆகும்? எண்ணிப் பாருங்கள்.

பிள்ளைகளே, “கணக்குப் பாடம் எதுக்கு சார்?” என்று என்னிடம் கேட்கிறீர்கள். கிராணியார் நோட்டில் போட்டதும் கணக்குதான், ஸ்வெல்ட் போடுவதும் கணக்குதான். பாட்டியின் கடிதம் போய்ச் சேரவில்லை. நாளைக்கு நம் மக்களின் செய்தி சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று காவல் காக்கும் வேலையில் உங்களில் ஒருவராவது உட்கார வேண்டும். அன்றைக்கு இந்த வாத்தியாரும் முன்வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கக் கைதட்டுவேன்.

வளர்க நம் பள்ளி! வாழ்க நம் மக்கள்!