கரையோர முதியோரின் தனி அடுப்பு: பட்டினச்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

முதியோர் பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வதைப் பற்றிய பேச்சு இங்கே பெரும்பாலும் உதவித்தொகை, முதியோர் இல்லம் ஆகிய இரண்டோடு நின்றுவிடுகிறது. காரைக்கால் மாவட்டம் திருமலைராயன்பட்டினத்தை அடுத்த பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களின் வரலாற்றைப் பார்த்தால் இந்தப் பேச்சு போதாது என்று தெரியும். சோழமண்டலக் கரையின் பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் ஊர்களில் மகனுக்குக் கல்யாணமானதும் தனிக்குடித்தனம் வைப்பது நெடுநாள் வழக்கம். பெற்றோர் பக்கத்திலேயே தங்கள் உலையைத் தனியே வைத்துக்கொண்டார்கள். கட்டுமரம் ஏறமுடியாத கிழவர் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்தார். அதற்குப் பதிலாகக் குழம்புக்கு மீன் வந்தது. மீன் கூடை சுமக்க முடிந்தவரை கிழவியின் முந்தானையில் அவள் காசு இருந்தது. தனி அடுப்பு, கூப்பிடு தூரத்தில் பிள்ளை, நடக்கும் தூரத்தில் கரை: இம்மூன்றும் சேர்ந்ததே அவர்களுடைய சுதந்திரம் என்பது என் வாதம்.

அரசின் கண் முதலில் பட்டது காசின் மேல். தமிழ்நாடு முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது 1962-ல். பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954-ல் விடுபட்ட காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் அதே 1962-ல்தான். மத்திய அரசின் திட்டம் 1995-ல் மாதம் 75 ரூபாயுடன் வந்தது. 2011-ல் தகுதி வயது 60 ஆனது, அந்த வயதினருக்கான மத்தியப் பங்கு 200 ரூபாய். புதுச்சேரி அரசு மீனவ முதியோருக்கென்றே தனி உதவித்தொகையும் தருகிறது. கையில் சொந்தக் காசு இருக்கும் முதியவரின் சொல்லுக்கு வீட்டில் எடை கூடும் என்பதைப் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் பெற்ற காரைக்கால் குடும்பங்கள் நன்கு அறியும். ஆனால் இத்திட்டங்கள் எதுவும் அந்த முதியவர் எங்கே படுக்கிறார் என்று கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை 2004 டிசம்பர் 26 சுனாமி கட்டாயமாக்கியது. தமிழ்நாடும் புதுச்சேரியும் உலக வங்கி உதவியோடும் தொண்டு நிறுவனங்கள் வழியாகவும் கரையோரத்தில் கான்கிரீட் வீடுகளைக் கட்டின. முன்பிருந்த கூரை வீட்டின் பின்புறம் நாலு கம்பு நட்டு, கீற்றுப் போட்டு ஒரு சாய்ப்பு இறக்கினால் தாய்க்கு ஓர் அடுப்படி கிடைத்துவிடும். வரிசையாகக் கட்டிய சுனாமி குடியிருப்பில் அந்தச் சாய்ப்புக்கு இடமில்லை. குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற கணக்கில் முதியோரின் உலை மகனுடைய அடுப்போடு கலந்தது. குடியிருப்பு கரையைவிட்டு விலகிய ஊர்களில் வலை வேலையும் கைநழுவியது. பட்டா வாங்கிய பெருமிதம் உண்மை, மழைக்கு ஒழுகாத கூரையும் உண்மை. ஆனால் அந்தக் கூரையின் கீழ் மூத்தவர்கள் விருந்தாளியாகிவிட்டார்கள் என்பதை எளிதாகக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

முதியோரைக் கரைக்கு அருகிலேயே வாழவிட்டால், மீண்டும் அலை வரும்போது என்ன செய்வது என்ற ஆட்சேபம் நியாயமானது. ஓட முடியாதவரைக் கடலோரம் வைப்பது இரக்கமல்ல. ஆனால் கரைக்கு அருகே வாழ்வது என்பது அலையடிக்கும் இடத்தில் வாழ்வதல்ல. 2011-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையே, உயர் அலைக்கோட்டிலிருந்து 100 முதல் 200 மீட்டருக்குள் பாரம்பரியக் கடலோர மக்களின் வீடுகளுக்கு நிபந்தனையோடு வழிவிட்டது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டால் யார் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. சுனாமியில் ஆதரவிழந்த முதியோருக்காக ஹெல்ப்பேஜ் இந்தியா கடலூர் மாவட்டத்தில் அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம் அதற்கு ஒரு விடை. யாருமற்றவருக்கு அது அவசியமும்கூட. ஆனால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் நினைப்பதுபோல மாவட்டத்துக்கு 150 பேர் தங்கும் இல்லம் பட்டினச்சேரிக் கிழவிக்கு எதற்கு? அவளுக்கு உறவும் ஊரும் இருக்கின்றன. அடுத்த வீட்டுத் திட்டத்துக்குக் கணக்கெடுக்க வருபவர்கள் குடும்ப அட்டையோடு நிற்காமல் அடுப்புகளையும் எண்ணட்டும். மகன் வீட்டை ஒட்டி, படியில்லாத வாசலும் உள்ளேயே கழிப்பறையும் கொண்ட ஓர் அறையைத் தாயின் பெயரிலேயே எழுதித் தரட்டும்.