முப்பது மைல் மளிகை

அமெரிக்காவில் சின்ன ஊருக்குக் குடிபோனால் கையில் நாலு காசு நிற்கும் என்பார்கள். எந்தச் சின்ன ஊர் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இல்லினாய்ஸ் மாநிலத்தின் தென்கோடியில், ஒஹாயோ ஆறு மிசிசிப்பியோடு கலக்கும் முனையில் இருக்கிறது கேரோ. எகிப்தின் தலைநகரை நினைத்து வைத்த பெயர்தான். ஊர்க்காரர்கள் நாக்கில் அது கேரோ ஆகிவிட்டது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,733. கொலராடோ மலைகளுக்குள், ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் ஆஸ்பென். அங்கே 7,004 பேர்.

வீட்டு விலையை மட்டும் பார்த்தால் ஒப்பிடவே ஒன்றுமில்லை. கேரோவில் சில பத்தாயிரம் டாலருக்கு வீடு கிடைக்கும். ஆஸ்பெனை ஒட்டிய மலைச்சரிவில் 2024-இல் ஒரே ஒரு வீடு 10 கோடியே 80 லட்சம் டாலருக்குக் கைமாறியது. கோடீஸ்வரர்கள் லட்சாதிபதிகளை ஊரைவிட்டுத் துரத்துகிறார்கள் என்று ஆஸ்பென்வாசிகள் சொல்வதுண்டு.

ஆனால் வீட்டை வாங்கினால் போதுமா? மறுநாள் காலை பால் வேண்டும். கேரோவின் மளிகைக்கடை 2015-இல் மூடப்பட்டது. 2023-இல் ஒரு கூட்டுறவுக் கடை திறக்கும்வரை காய்கறியும் இறைச்சியும் வாங்க ஆற்றைத் தாண்டி மிசௌரிக்கோ கென்டக்கிக்கோ போக வேண்டியிருந்தது. பெரிய கடை உள்ள ஊருக்கு எந்தப் பக்கம் போனாலும் ஏறத்தாழ 30 மைல். பெட்ரோல், தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து மைலுக்கு 70 சென்ட் என்று அமெரிக்க வருமானவரித் துறை 2025-க்குக் கணக்கு வைத்தது. அந்தத் தூரத்தை இந்தக் கணக்கில் வைத்தால் போய்வர 60 மைலுக்கு 42 டாலர். இல்லினாய்ஸில் அந்த ஆண்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டாலர். ஆக, கடை வாசலை மிதிப்பதற்குள் ஏறக்குறைய மூன்று மணி நேரக் கூலி கரைந்துவிடும். கார் இல்லாதவர் அக்கம்பக்கத்தில் கெஞ்சி, பெட்ரோலுக்குப் பணம் கொடுத்து, அவர்கள் கிளம்பும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. கோடைக்காலத்தில் பாலும் இறைச்சியும் வீடு வந்து சேரும்வரை கெடாமல் இருக்க டிக்கியில் ஐஸ் பெட்டியும் வேண்டியிருந்தது. வீட்டு வாடகையையும் கடைச் சாமான் விலையையும் கூட்டிப்போட்டு ஊருக்கு ஊர் ஒப்பிடும் பட்டியல்களில் இந்த 42 டாலருக்கு இடமே கிடையாது.

ஆஸ்பெனில் தூரம் வேறு திசையில் ஓடுகிறது. அங்கே கடை உண்டு, மருத்துவமனை உண்டு. அவற்றில் வேலை செய்பவர்களுக்குத்தான் ஊரில் இடமில்லை. விடுதியில் படுக்கை விரிப்பவரும் உணவகத்தில் பாத்திரம் கழுவுபவரும் இருட்டோடு எழுந்து 82-ஆம் எண் நெடுஞ்சாலையில் பஸ் ஏறுகிறார்கள். க்ளென்வுட் ஸ்பிரிங்ஸிலிருந்து 40 மைல். அங்கும் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் இன்னும் தள்ளி ரைஃபிளில் இருக்கிறார்கள். எழுபது மைலுக்குக் கொஞ்சம் குறைவு. பனி கொட்டும் நாளில் அந்த ஒரு வழிப் பயணமே இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை.

இத்தனைக்கும் ஆஸ்பென் தன்னால் ஆனதைச் செய்கிறது. ஊரில் சொத்து கைமாறும்போது விலையில் ஒரு சதவீதத்தை வரியாக வாங்கி, உழைப்பவர்களுக்கு வீடு கட்ட ஒதுக்குகிறார்கள். நகரமும் மாவட்டமும் சேர்ந்து நடத்தும் அமைப்பின் பொறுப்பில் இப்படிப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 3,000 இருக்கின்றன. அவற்றில் குடியேற ஆண்டுக்கு 1,500 மணி நேரமாவது அந்த மாவட்டத்தில் வேலை செய்திருக்க வேண்டும். விற்பனைக்கு வரும் வீட்டுக்குக் குலுக்கல் போடுவார்கள். வாங்கியவர் பிறகு விற்கும்போது இஷ்டத்துக்கு விலையேற்ற முடியாது. பஸ்ஸும் பொதுப்பணத்தில் ஓடுவதுதான். அமெரிக்காவின் கிராமப்புறத்தில் முதல் விரைவுப் பஸ் தடம் 2013-இல் அங்கேதான் வந்தது. பணக்கார ஊருக்கு மனம் இருந்தால் வழியும் இருக்கிறது.

கேரோவில் நடந்தது நேர்மாறு. அங்கே எல்ம்வுட், மெக்பிரைட் என்று இரண்டு அரசுக் குடியிருப்புகள் இருந்தன. எலியும் பூஞ்சையும் மண்டி, குளிருக்குச் சமையலடுப்பை எரியவிட்டுச் சமாளிக்கும் நிலைவரை அவற்றைப் பாழாக விட்டார்கள். 2017-இல் மத்திய அரசின் வீட்டுவசதித் துறை எல்லோரையும் காலி செய்யச் சொன்னது. வாடகை உதவிச் சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வைத்துக் குடியேற ஊருக்குள் வீடு இல்லை. மலிவான ஊர் என்று பெயரெடுத்த இடத்திலிருந்து, வாடகைக்கு வீடு கிடைக்காமல் குடும்பங்கள் வெளியேறின. இதைப் படித்த நாளிலிருந்து "மலிவு" என்ற சொல்லை என்னால் பழையபடி சொல்ல முடியவில்லை.

ஆஸ்பெனும் ஒரு காலத்தில் செத்துக்கிடந்த ஊர்தான். வெள்ளிச் சுரங்கத்தால் வளர்ந்து, 1893-இல் வெள்ளி விலை சரிந்ததும் சரிந்து, 1930-களில் எழுநூறு பேர் அளவுக்குச் சுருங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு சிகாகோவிலிருந்து வால்டர் பேப்கே என்ற தொழிலதிபர் பணத்தோடு வந்தார், பனிச்சறுக்கு வந்தது. அதே காலத்தில் கேரோவிலிருந்து பணம் வெளியேறிக்கொண்டிருந்தது. 1920-இல் 15,203 பேர் இருந்த ஊர் அது. பாலங்கள் வந்து படகுத்துறைகள் படுத்தன. பிறகு நெடுஞ்சாலையும் ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. ஆனால் சாலையை மட்டும் குறை சொல்ல முடியாது. தங்களுக்கு வேலை தராத கடைகளில் எதையும் வாங்க மாட்டோம் என்று 1969-இல் கறுப்பின மக்கள் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். அவர்களை வேலைக்கு வைப்பதைவிடக் கடையை மூடுவதே மேல் என்று பல வெள்ளைக்கார வியாபாரிகள் மூடினார்கள். மளிகைக்காக ஓடிய அந்த 30 மைலில் இந்தப் பிடிவாதத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை நான் அழுத்தியே சொல்வேன்.

கேரோவின் மருத்துவமனையும் 1986-இல் மூடப்பட்டது. இப்போது கேரோவில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டால் காரை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்ட வேண்டும். பிள்ளை பிறப்பது பெரும்பாலும் வேறொரு மாநிலத்தில்.