சாப்பாட்டு அறையில் ஓர் அச்சகம்

நூல் வெளியீட்டு விழாக்களுக்கு நம்மிடையே குறைவில்லை. கிராஅத், வரவேற்புரை, தலைமையுரை, நூலாய்வு, முதற்பிரதியைப் புரவலர் ஒருவர் பெற்றுக்கொள்ளல், பொன்னாடை, ஏற்புரை, சிற்றுண்டி. மறுநாள் காலையில் எழுத்தாளரின் வீட்டு மூலையில் முந்நூறோ நானூறோ பிரதிகள் கட்டுக் கட்டாகக் கிடக்கும். எனது முதலாவது தொகுதி எட்டு வருடங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தது. வந்தவர் போனவருக்கெல்லாம் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். யார் யாருக்குக் கொடுத்தேன், யார் காசு தந்தார் என்று ஒரு துண்டுக் கடதாசியிலாவது குறித்து வைக்கவில்லை. இதற்கிடையில், "கைக்காசைப் போட்டுத் தானே அடித்த புத்தகம்தானே" என்ற இளக்காரப் பேச்சு வேறு.

இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஹோகார்த் பதிப்பகம் ஞாபகத்துக்கு வரும். இருபதாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தில் பெரும் மதிப்புப் பெற்ற அந்தச் சிறு பதிப்பகத்தின் முதல் வெளியீடும் கைக்காசைப் போட்டுத் தாமே அடித்த புத்தகம்தான். வெறுமனே காசைக் கொடுத்து அடிப்பித்ததல்ல. கணவனும் மனைவியும் எழுத்துக் கோத்து, மை தடவி, கைப்பிடியை இழுத்து அடித்து, நூலால் தைத்த புத்தகம்.

அந்தக் கணவர் நமக்கு அந்நியரல்லர். லெனாட் வூல்ஃப் 1904 டிசம்பரில் சிவில் சேவை அதிகாரியாகக் கொழும்பில் வந்திறங்கியவர். வரும்போது வோல்டேயரின் 90 பாகங்களையும் ஒரு நாயையும் கூடவே கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்திலும் கண்டியிலும் வேலை பார்த்துவிட்டு 1908 ஓகஸ்டிலிருந்து 1911 மே வரை ஹம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். தமிழும் சிங்களமும் கற்றார். சிங்களத்தில் 'பத்தேகம' என்று பெயர்பெற்ற நாவலை 1913இல் எழுதி வெளியிட்டவர் அவரே. ஹம்பாந்தோட்டை உப்பளங்களின் கணக்கு, மாட்டு நோய், வரி, வழக்கு என்று அன்றாடம் நடந்ததை அன்றன்றே எழுதி வைக்கும் உத்தியோகப் பழக்கம் அவரோடு லண்டன்வரை போயிற்று. அவருடைய பதிப்பகத்தைக் காப்பாற்றியதில் இந்தக் கணக்குப்பிள்ளைத்தனத்துக்குப் பெரும் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம்.

விடுமுறையில் போனவர் திரும்பவில்லை. 1912இல் வேர்ஜினியாவை மணந்தார். 1915 ஜனவரி 25ஆம் திகதி வேர்ஜினியாவின் 33ஆவது பிறந்தநாள். அன்று தேநீர் அருந்தியபடியே இருவரும் மூன்று தீர்மானங்கள் எடுத்தார்கள்: ரிச்மண்டிலுள்ள ஹோகார்த் இல்லத்தைப் பெறுவது, ஓர் அச்சு இயந்திரம் வாங்குவது, ஒரு புல்டோக் நாய் வளர்ப்பது. வீடு கிடைத்தது. ஆனால் வேர்ஜினியாவின் மனநோய் அவ்வருடமே கடுமையாகத் திரும்பி வந்தது. எழுத்திலேயே மூழ்கிக் களைத்துப்போகும் அவரது மனதுக்குக் கையால் செய்யும் ஒரு வேலை ஆறுதல் தரும் என்று லெனாட் நினைத்தார். அச்சகத்தின் தொடக்கம் இதுதான்.

அச்சுத் தொழில் பழகப் போனால் பள்ளியில் இடமில்லை. தொழிற்சங்க விதிகளின்படி அது தொழில் பழகும் பையன்களுக்கு மட்டுமே. 1917 மார்ச் 23ஆம் திகதி ஃபாரிங்டன் வீதியில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கடைக் கண்ணாடிக்குள் கையால் இயக்கும் சிறு இயந்திரம் தெரிந்தது. கூடவே 16 பக்கக் கைநூல் ஒன்றும் கிடைக்கும். அதைப் படித்தால் போதும், பள்ளி வேண்டாம் என்றார் கடைக்காரர். இயந்திரம், எழுத்துகள், பெட்டிகள் எல்லாவற்றுக்குமாக 19 பவுண் 5 ஷில்லிங் 5 பென்ஸ். ஏப்ரல் 24ஆம் திகதி வந்துசேர்ந்த இயந்திரத்தில் ஒரு பாகம் உடைந்திருந்தது. அதைத் திருத்துவித்துச் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். லெனாட்டுக்குப் பிறவியிலிருந்தே கைநடுக்கம். ஆகவே எழுத்துக் கோப்பது வேர்ஜினியாவின் வேலையாயிற்று, இயந்திரம் லெனாட்டின் வேலையாயிற்று. தொடக்கத்திலேயே 'எச்' எழுத்துகளையும் 'என்' எழுத்துகளையும் வேர்ஜினியா ஒன்றாகக் கலந்துவிட்டார். நமது பழைய கம்போசிற்றர்களின் தமிழ் எழுத்துப் பெட்டியை, அதன் ணகர னகர நகரங்களோடு, அவர் பார்த்திருந்தால் அச்சகமே பிறந்திராது!

1917 ஜூலையில் 'இரண்டு கதைகள்' வெளிவந்தது. ஒன்று லெனாட்டுடையது, மற்றது வேர்ஜினியாவுடையது. டோரா கேரிங்டனின் நான்கு மரச்செதுக்குப் படங்கள். சுமார் 150 பிரதிகள். செலவு 3 பவுண் 7 ஷில்லிங். அதில் ஓவியருக்கு 15 ஷில்லிங் போயிற்று. எழுத்தாளர் இருவருக்கும் ஒரு சதமும் இல்லை. வரவு 10 பவுண் 8 ஷில்லிங். இலாபம் 7 பவுண் 1 ஷில்லிங். தாளுக்கு எவ்வளவு, அட்டைக்கு எவ்வளவு என்பதும் கணக்கிலுண்டு. நாற்பத்தேழு வருடங்களுக்குப் பிறகு, 1964இல் வெளிவந்த சுயசரிதைப் பாகத்தில், இந்தக் கணக்கை லெனாட்டால் அப்படியே எடுத்துத் தர முடிந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் நண்பர்களும் அறிமுகமானவர்களும்தான். நமது விழா மண்டபத்தில் முன்வரிசையில் அமரும் அதே கூட்டம். வித்தியாசம், அந்தப் பெயர்கள் எழுதி வைக்கப்பட்டன என்பதே. அடுத்த புத்தகத்துக்கும் அதற்கடுத்ததற்கும் அந்த முகவரிகளுக்கே அறிவித்தல் போயிற்று. பின்னர் வாசகர்களை இரண்டு வகையாக்கினார்கள். முதல்வகையினர் முற்பணம் கட்டி வைப்பார்கள், வரும் நூலெல்லாம் அவர்களுக்குத் தானாகப் போய்ச்சேரும். இரண்டாம் வகையினருக்கு அறிவித்தல் மட்டும்.

இரண்டாவது வெளியீடு தங்களுடையதல்ல. கத்தரின் மான்ஸ்ஃபீல்டின் 'பிரெலூட்' என்ற 68 பக்கக் கதை, 1918இல் வந்தது. முதல் நூலில் தங்களை வெளியிட்டவர்கள் அடுத்த நூலில் பிறரை வெளியிட்டார்கள். கைக்காசுப் புத்தகம் பதிப்பகமாக மாறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். நாமோ இரண்டாவது நூலுக்கும் மூன்றாவது நூலுக்கும் நமது பெயரையே போட்டு, பதிப்பகத்துக்குப் பிள்ளையின் பெயரைச் சூட்டிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

1919 மே 12ஆம் திகதி வெளிவந்த வேர்ஜினியாவின் 'கியூ தோட்டம்' முதலில் போகவில்லை. மாதக் கடைசியிலும் விற்றவை ஐம்பதை எட்டவில்லை. 29ஆம் திகதி 'டைம்ஸ்' இலக்கிய இணைப்பில் புகழ்ந்து ஒரு மதிப்புரை வந்தது. கிராமத்திலிருந்து இருவரும் ரிச்மண்ட் திரும்பிக் கதவைத் திறந்தால் வீட்டு மண்டபமெங்கும் ஓடர் கடிதங்கள். சாப்பாட்டு அறை இயந்திரத்தால் அவ்வளவையும் அடித்து முடிக்க இயலாது. இரண்டாம் பதிப்பு 500 பிரதிகளை வெளியிலுள்ள தொழில்முறை அச்சகரிடம் கொடுத்தார்கள். மறுவருடம் தோல்ஸ்தோய் பற்றிய கோர்க்கியின் நினைவுக் குறிப்புகளுக்கும் அதே வழிதான். இவ்வாறு அச்சகம் வேறு, பதிப்பகம் வேறு என்றாயிற்று. எனினும் கையால் அடிப்பதை 1932 வரை விடவில்லை. எலியட்டின் 'பாழ்நிலம்' 1923இல் அவர்கள் வெளியிட்டபோது சுமார் 460 பிரதிகளுக்கும் எழுத்துக் கோத்தவர் வேர்ஜினியாவே. அப்போது அவர் பெயர்பெற்ற நாவலாசிரியர்.

கைநழுவியதும் உண்டு. 1918இல் ஜொய்ஸின் 'யுலிஸஸ்' கையெழுத்துப் பிரதி அவர்கள் வீட்டுக்கே வந்தது. அவ்வளவு பெரிய நூலை அந்தச் சிறு இயந்திரத்தில் அடிக்க வழியில்லை, வெளி அச்சகர்களோ வழக்குக்குப் பயந்தார்கள். வேர்ஜினியாவுக்கும் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. திருப்பி அனுப்பினார்கள். ஹைன்மன் போன்ற பெரிய நிறுவனம் சேர்ந்து நடத்துவோம் என்று 1922இல் அழைத்தபோது மறுத்தது வேறு கதை. மறுக்க முடிந்ததற்குக் காரணம் அவர்கள் வயிற்றைப் பதிப்பகத்தில் கட்டி வைக்காததுதான். லெனாட்டுக்குப் பத்திரிகைத் தொழில் இருந்தது. பதிப்பகத்தில் வந்த இலாபம் அடுத்த புத்தகத்துக்கே போயிற்று.

1921இல் கையால் அடித்த நூல்களுள் ஒன்று லெனாட்டின் 'கீழைத்தேயக் கதைகள்'. 300 பிரதிகள். அதிலொரு கதை முத்துக்குளிப்பு பற்றியது. 1906இல் மன்னார், மரிச்சுக்கட்டிக் கரையில் லெனாட் கடமையாற்றியபோது கண்டவற்றிலிருந்து பிறந்தது. அறபிகளும் தமிழரும் சோனகரும் மூழ்கியெடுத்த சிப்பி மலைகளின் நாற்றம் லண்டன் புறநகரின் சாப்பாட்டு அறையில் ஈய எழுத்தாகியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் மரிச்சுக்கட்டியிலிருந்து கையில் அகப்பட்டதோடு வெளியேறிய நம்மவர்களின் கதைகளில் எத்தனை நூலாகியிருக்கின்றன?

லெனாட்டோடு வேலை செய்வது இலகுவல்ல. இளம் உதவியாளர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். சதத்துக்குச் சதம் கணக்குக் கேட்பார், நிமிடத்துக்கு நிமிடம் கடிகாரம் பார்ப்பார். பதினாறு வயதில் வேலைக்குச் சேர்ந்த ரிச்சட் கென்னடி 1972இல் வெளியிட்ட நினைவு நூலில் இந்த முகத்தை நகைச்சுவையோடு காட்டியிருக்கிறார். ஆனால் பிறரிடம் கேட்டதைத் தாமும் செய்தார்கள். 1930 மே மாதம் இருவரும் காரில் இங்கிலாந்தின் மேற்குப் பகுதிக் கடைகளுக்குப் போய்ப் புத்தகங்களைக் காட்டி ஓடர் எடுத்தார்கள். வேர்ஜினியா வூல்ஃப் கடை கடையாக ஏறியதை, "எழுத்தாளன் விற்கப் போவதா?" என்று முகம் சுளிக்கும் நமது நண்பர்கள் சற்று எண்ணிப் பார்க்கலாம். அதே வருடம் வீட்டா சாக்வில்-வெஸ்டின் நாவலொன்று ஆறு மாதங்களில் 30,000 அளவில் விற்றது. 1924 முதல் வெளியிட்டுவந்த ஃப்ரொய்டின் மொழிபெயர்ப்புகளோ மெதுவாக ஆனால் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன.

எமக்கு நெருக்கமான ஒன்றையும் சொல்ல வேண்டும். டில்லி முஸ்லிம் குடும்பமொன்றின் சரிவைச் சொல்லும் அஹ்மத் அலியின் ஆங்கில நாவல் 'டில்லியில் அந்தி' 1940இல் வெளிவந்தது ஹோகார்த்தில்தான். வேர்ஜினியா 1938இல் தமது பங்கை ஜோன் லேமனுக்கு விற்றிருந்த காலம், யுத்தமும் தொடங்கிவிட்டது. 1857 பற்றிய பகுதிகள் அரசுக்கு விரோதமானவை என்று அச்சகத்தார் அடிக்க மறுத்தார்கள். அவற்றை நீக்க ஆசிரியர் உடன்படவில்லை. இறுதியில் நூல் ஹரோல்ட் நிக்கல்சனின் பார்வைக்குப் போய், அவர் ஆட்சேபம் இல்லை என்ற பிறகே அச்சேறியது என்று அஹ்மத் அலி பின்னர் எழுதினார். சாப்பாட்டு அறை இயந்திரமாக இருந்திருந்தால் யாரிடமும் கேட்டிருக்கத் தேவையில்லை. வளர்ச்சிக்கு அப்படியும் ஒரு விலை உண்டு.

அவ்வருடம் செப்டெம்பரில் குண்டுவீச்சால் பதிப்பகம் லண்டனை விட்டு லெச்வேர்த்துக்கு இடம்பெயர்ந்தது. 1941 மார்ச் 28ஆம் திகதி வேர்ஜினியா ஆற்றில் இறங்கி உயிரை மாய்த்துக்கொண்டார். 1946இல் லேமன் பிரிந்தபோது சட்டோ அன்ட் வின்டஸ் நிறுவனத்தோடு பதிப்பகம் இணைந்தது. 'ஹோகார்த்' என்பது இப்போது பெரும் பன்னாட்டு நிறுவனமொன்றின் கிளைப்பெயர்.

லெனாட் 1960இல் இலங்கைக்கு மீண்டும் வந்தார். ஹம்பாந்தோட்டையில் அவர் அன்றாடம் எழுதி வைத்த உத்தியோக நாட்குறிப்புகள் இங்கே வரலாற்றுச் சஞ்சிகையொன்றில் அச்சாயின. 1963இல் அவை லண்டனிலும் நூலாக வந்தன. பதிப்பித்தது ஹோகார்த்.