எட்டயபுரம் வழியாக லக்னோ: ஹிந்துஸ்தானி இசை பட்டப்படிப்பான கதை

1937 அக்டோபர் 27. சென்னையில் இருந்து பாண்டிச்சேரிக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த ஒரு பெரியவருக்கு உடம்பு முடியாமல் போனது. செங்கல்பட்டுக்குச் சற்று முன்னால் இருக்கும் சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷனில் இறங்கினார். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. அவர் உஸ்தாத் அப்துல் கரீம் கான். ஹிந்துஸ்தானி இசையில் கிரானா கரானா என்று ஒரு பெரிய பாணி இருக்கிறதே, அதன் தலைமகன். பீம்சென் ஜோஷிக்குக் குருவின் குரு.

வடக்கத்தி உஸ்தாத் ஒருவர் ஏன் செங்கல்பட்டுப் பக்கம் வந்தார் என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

எழுத வைத்தது வீட்டு விஷயம். என் அண்ணன் மகள் பி.யு.சி. முடித்துவிட்டு ஹிந்துஸ்தானி வாய்ப்பாட்டில் பட்டப்படிப்பு சேருகிறேன் என்கிறாள். வீடு ரெண்டுபட்டுக் கிடக்கிறது. அண்ணன் போனில், "தம்பி, நீ வெளிநாட்டுல இருக்க, நாலு பேரைப் பாத்தவன். இதுக்கெல்லாம் காலேஜ் இருக்கா? படிச்சா சோறு கிடைக்குமா?" என்றார். அம்மாவின் கேள்வி வேறு. "அது நம்ம பாட்டே இல்லியேடா. இந்திக்காரங்க பாட்டு. நமக்கு எதுக்கு?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆளுக்கு ஒரு பதிலைப் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நம்மில் பலர் வீட்டிலும் இதே பேச்சு நடந்திருக்கும் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

முதலில் ஊர். கோலார் தங்கவயல் என்பது ரெக்கார்டில். எங்களுக்குக் கேஜிஎஃப்தான். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட வந்தபோது வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்தில் இருந்து வந்து லைன் வீடுகளில் குடியேறியவர்களின் பிள்ளைகள் நாங்கள். பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதிக் குடும்பங்கள். 1902லேயே சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்த ஊர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 2001 பிப்ரவரி 28ல் எல்லாம் மூடியாயிற்று. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, தினமும் பெங்களூர் போய் வேலை பார்த்துவிட்டு ராத்திரி திரும்புகிறார்கள்.

இந்த ஊரில் இசைக்குப் பஞ்சம் இல்லை. அம்மன் திருவிழாவில் தப்பு, கல்யாணத்தில் பேண்டு, சர்ச்சில் கொயர், மேடையில் லைட் மியூசிக். ஆனால் குருவின் வீட்டில் உட்கார்ந்து சாஸ்திரிய சங்கீதம் கற்பது எங்கள் லைனில் நான் பார்த்தது இல்லை. கர்நாடக சங்கீதத்துக்கும் சரி, ஹிந்துஸ்தானிக்கும் சரி, நாங்கள் ஒரே தூரத்தில்தான் இருந்தோம். அம்மா "நம்ம பாட்டு" என்று சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஹிந்துஸ்தானி இசைக்குப் பாடத்திட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. கரானா என்றால் குடும்பம். உஸ்தாத் தன் மகனுக்கும் மருமகனுக்கும் சொல்லிக் கொடுப்பார். வெளியாள் சீடனாக வேண்டுமானால் வருடக்கணக்கில் பணிவிடை செய்ய வேண்டும். நல்ல பாடல்களை வெளியே விடமாட்டார்கள். அதுதான் அவர்களின் சொத்து, தப்பு சொல்ல முடியாது. இதற்கு இணையாகத் தவாயிஃப் என்னும் பாடகிகளிடமும் பெரிய சேமிப்பு இருந்தது.

இந்தக் கதவை முதலில் திறந்தவர்களில் ஒருவர் மௌலா பக்ஷ். பரோடா மகாராஜா ஆதரவில் 1886ல் அங்கே இசைப் பள்ளி தொடங்கினார். அவர் அதற்கு முன்பே மைசூர் அரசவைக்கு வந்து, கர்நாடக இசையைக் கற்றுத் திரும்பியவர். அடுத்து விஷ்ணு திகம்பர் பலுஸ்கர். 1901ல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயாவைத் தொடங்கினார். அரண்மனையை நம்பாமல், ஜனங்களின் நன்கொடையிலும் கட்டணத்திலும் நடந்த பள்ளி அது. நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் மரியாதையாக இசை படிக்கலாம் என்ற எண்ணத்தைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மூன்றாவது ஆள்தான் நமக்கு முக்கியம். விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860-1936). பம்பாய்க்காரர், தொழிலால் வக்கீல். வழக்கு நடத்துகிற மாதிரியே இசையையும் அணுகினார். யார் என்ன பாடுகிறார்கள், எந்த நூல் என்ன சொல்கிறது, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஊர் ஊராகப் போய் விசாரித்தார்.

1904ல் அந்த விசாரணை அவரை நம் பக்கம் கொண்டு வந்தது. சென்னை, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றி எட்டயபுரம் வந்தார். அங்கே இருந்தவர் சுப்பராம தீட்சிதர், முத்துஸ்வாமி தீட்சிதரின் குடும்பத்தவர். அவருடைய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளியானதும் அதே 1904ல்தான். அவரிடம் தஞ்சை வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் எழுதிய 'சதுர்தண்டி பிரகாசிகை'யின் கைப்பிரதி இருந்தது. நம் 72 மேளகர்த்தா முறைக்கு மூலநூல். பாத்கண்டே அதற்குப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்.

போய் என்ன செய்தார்? மேளத்தில் ராகங்களை அடக்கும் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு, வடக்கில் உண்மையில் பாடப்படும் ராகங்களைப் பத்து 'தாட்'களில் அடக்கினார். நம் வீட்டுப் பிள்ளைகள் பாடம் எடுத்தால் முதல் வருடமே இதில்தான் குழம்புவார்கள் என்பதால் பட்டியலைத் தருகிறேன். பிலாவல் நம் சங்கராபரணம். கல்யாண் நம் கல்யாணி. கமாஜ் என்றால் ஹரிகாம்போதி, பைரவ் என்றால் மாயாமாளவகௌளை, காஃபி என்றால் கரஹரப்பிரியா, ஆசாவரி என்றால் நடபைரவி. பூர்வி காமவர்த்தினி, மார்வா கமனாஸ்ரமம். கடைசி இரண்டில்தான் வேடிக்கை. அவர்களின் பைரவி நம் தோடி, அவர்களின் தோடி நம் சுபபந்துவராளி! (ஸ்வரங்கள் மட்டும்தான் இப்படி ஒத்துப்போகும். பாடும் விதம் வேறு.)

இந்தப் பத்து தாட்களில் அடங்காத ராகங்கள் உண்டு, இந்த முறையைக் குறை சொல்பவர்களும் உண்டு. ஆனால் பாடப்புத்தகம் எழுத ஒரு ஒழுங்கு வேண்டும். அது அவருக்கு எட்டயபுரத்தில் கிடைத்தது. உஸ்தாத்களிடம் கேட்டு வாங்கிய நூற்றுக்கணக்கான பாடல்களை ஸ்வரக் குறிப்போடு 'கிரமிக் புஸ்தக் மாலிகா' என்று ஆறு பாகங்களாகத் தொகுத்தார். இன்றைக்கும் ஹிந்துஸ்தானி படிக்கும் பிள்ளைகளுக்குப் பழகிய புத்தகம் அது.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியதும் அவர் முயற்சியில்தான். அங்கே நம் ஆள் ஒருவர் போய்ப் பேசினார். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். தென்காசிப் பக்கத்து சாம்பவர் வடகரையில் பிறந்தவர், சித்த வைத்தியர், 'கருணாமிர்த சாகரம்' எழுதியவர். ஸ்தாயிக்கு 22 சுருதி என்று மற்றவர்கள் சொல்ல, இல்லை 24 என்று வாதாடினார். தன் மகள்களை அந்தச் சபையில் பாடவும் வாசிக்கவும் வைத்துக் காட்டினார். 1916ல், குடும்பப் பெண்களை, அத்தனை பண்டிதர்கள் முன்னால்! அம்மாவுக்கு இதைத்தான் முதலில் சொல்லப் போகிறேன்.

1926ல் லக்னோவில் மாரிஸ் காலேஜ் ஆஃப் ஹிந்துஸ்தானி மியூசிக் தொடங்கியது. மாரிஸ் என்பது அப்போதைய கவர்னர் பெயர். சுதந்திரத்துக்குப் பிறகு பாத்கண்டே பெயர் வைத்தார்கள். 2000ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம், 2022ல் மாநிலப் பல்கலைக்கழகம் என்று வளர்ந்துவிட்டது. பாடகர் தலத் மஹ்மூத் அங்கே படித்தவர். இலங்கையில் இருந்தும் மாணவர்கள் போனார்கள். சுனில் சாந்த, பிறகு டபிள்யூ.டி. அமரதேவ, இருவரும் அங்கே விசாரத் பட்டம் வாங்கியவர்கள். சிங்களப் பாட்டின் பெரிய பெயர்கள். வங்காள விரிகுடா ஓரத்துத் தீவுக்காரர்களுக்கே அது "நம்ம பாட்டு" ஆகியிருக்கிறது, பெங்களூரில் இருந்து நூறு கிலோமீட்டரில் இருக்கும் நமக்கு ஆகாதா?

1950ல் பனாரஸ் ஹிந்து பல்கலைக்கழகத்தில் ஓம்கார்நாத் தாக்கூர் தலைமையில் இசைக் கல்லூரி. 1956ல் கைராகரில் இசைக்கும் கலைகளுக்கும் என்றே தனிப் பல்கலைக்கழகம். இப்படி ஐம்பது அறுபது வருடத்தில் குடும்பச் சொத்தாக இருந்தது மார்க் ஷீட்டுக்கு வந்துவிட்டது.

இதில் நஷ்டம் இல்லையா? உண்டு. ஜானகி பாக்லே என்ற வரலாற்று ஆய்வாளர் 2005ல் வெளிவந்த தன் புத்தகத்தில் இதை விரிவாகப் பேசுகிறார். பள்ளியும் பாடத்திட்டமும் வந்தபோது, அந்த இசையைக் காப்பாற்றி வைத்திருந்த முஸ்லிம் உஸ்தாத்களும் பாடகிகளும் ஓரம் கட்டப்பட்டார்கள். பாடல்களை வாங்கிக்கொண்டு, பாடியவர்களை வாசலில் நிறுத்தியது போல. அது மட்டும் இல்லை. ஒரு மணி நேர பீரியடில், இருபது பேர் வகுப்பில், ஒரு ராகத்தின் உள்ளே போக முடியுமா என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

கர்நாடகாவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஹூப்ளி தார்வாட் பக்கம் ஹிந்துஸ்தானி, மைசூர் பெங்களூர் பக்கம் கர்நாடக சங்கீதம் என்று ஒரே மாநிலத்தில் இரண்டும் வேர் விட்டிருக்கிறது. அப்துல் கரீம் கான் மைசூர் தர்பாருக்குப் போகவர தார்வாட் பக்கம் தங்கிச் சொல்லிக் கொடுத்ததில் முளைத்தவர் சவாய் கந்தர்வா. (கான் சாகிப் தியாகராஜர் கீர்த்தனையையே ரெக்கார்டில் பாடியவர். அவர் செங்கல்பட்டுப் பக்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.) சவாய் கந்தர்வாவிடம் கற்றவர் கங்குபாய் ஹங்கல். அவர் அம்மா அம்பாபாய் கர்நாடக இசைப் பாடகி. கங்குபாய் ஹூப்ளியில் இருந்து குந்தகோளுக்கு ரயிலில் போய்ப் பாடம் கேட்டுத் திரும்புவார். பிறந்த சாதியைச் சொல்லிக் கேலி செய்தவர்களைத் தாண்டித்தான் மேடை ஏறினார்.

கங்குபாயும் சரி, மல்லிகார்ஜுன் மன்சூரும் சரி, கல்லூரி வாசலை மிதித்துப் படித்தவர்கள் இல்லை. பிற்காலத்தில் தார்வாட் கர்நாடகப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் இருவருமே கௌரவப் பொறுப்பு வகித்தார்கள். பட்டம் இல்லாதவர்கள், பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்கு வழிகாட்டினார்கள். இன்று மைசூரில் இருக்கும் மாநில இசைப் பல்கலைக்கழகத்துக்குக் கங்குபாய் பெயர்தான். பட்டத்துக்கும் வித்தைக்கும் உள்ள உறவு இவ்வளவுதான்.

அப்படியானால் பட்டம் வீணா? இல்லை. இங்கேதான் எங்கள் ஊர்க் கணக்கு வேறு. குருவின் வீட்டுக்குப் போக ஒரு அறிமுகம் வேண்டும். யார் பிள்ளை, என்ன ஜாதி, எந்தத் தெரு என்று கேட்காத குருக்கள் உண்டு, கேட்பவர்களும் உண்டு. கல்லூரிக்கு அப்ளிகேஷன் போதும். இட ஒதுக்கீடு உண்டு, ஸ்காலர்ஷிப் உண்டு. சாம்பியன் ரீஃப் லைனில் பிறந்த பெண்ணுக்கு அந்த அப்ளிகேஷன் எவ்வளவு பெரிய விஷயம் என்று, பரம்பரையாகக் குருவீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம்.

அண்ணனுக்கு, சோற்றுக் கணக்கு. ஆல் இந்தியா ரேடியோ கிரேடு ஆடிஷனில் பாடி வாங்குவது. அங்கே பட்டம் பாடாது, தொண்டைதான் பாட வேண்டும். கல்லூரி ஆசிரியர் வேலைக்கு முதுகலையும் நெட் தேர்வும் வேண்டும், நெட்டில் இசை ஒரு பாடம். பள்ளிக்கூட இசை டீச்சர் வேலை, வீட்டில் டியூஷன் இவையும் உண்டு. சாஃப்ட்வேர் சம்பளம் வராது, அதை மறைக்க வேண்டியதில்லை. முதல் மூன்று நான்கு வருடம் பட்டப்படிப்போடு ஒரு நல்ல குருவிடமும் தனியாகக் கற்க வேண்டும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் எழுத வேண்டும். அதில் என் பங்கை நான் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் இன்னும் சரி என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் இருக்கும் நெதர்லாந்தில் "ஹிந்துஸ்தானி" என்றால் சூரினாமில் இருந்து வந்த இந்திய வம்சாவளியினர் என்று அர்த்தம். 1873 முதல் கப்பல் ஏறிய பீகார், உத்தரப் பிரதேசக் கூலிகளின் பிள்ளைகள். அவர்களிடம் பைடக் கானா என்று சொந்தப் பாட்டு ஒன்று உண்டு, டோலக், ஆர்மோனியத்தோடு. இதே நாட்டு ராட்டர்டாம் கான்சர்வேட்டரியில் வட இந்திய இசையைப் பட்டப்படிப்பாக வைத்தார்கள். புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா பல வருடம் அதற்குத் தலைமை வகித்தார். நம் ஊர்ப் பக்கம் "இதுக்கெல்லாம் காலேஜா" என்று கேட்கும் படிப்புக்கு, டச்சுப் பிள்ளைகள் இடம் பிடித்திருக்கிறார்கள் :-)

வெளிநாட்டில் இருக்கும் நாம் பிள்ளைகளை சனிக்கிழமை பாட்டு கிளாசுக்குக் காரில் கொண்டு விடுகிறோம். அரங்கேற்றம் வரைக்கும் சந்தோஷம்தான். அதே பிள்ளை இதையே பட்டமாகப் படிக்கிறேன் என்றால் முகம் மாறிவிடுகிறது. அதற்குக் காரணம் பணம் மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாராவது இசையைப் பட்டப்படிப்பாக எடுத்திருந்தால், எங்கே படித்தார்கள், இப்போது என்ன செய்கிறார்கள் என்று எழுதுங்கள். அண்ணனிடம் என் பேச்சைவிட உங்கள் அனுபவம் நன்றாக எடுபடும்.