உத்திரமேரூரில் ஏரியும் தென்னையும்

தென்னைக்கு ஆண்டு முழுவதும் வேரில் ஈரம் வேண்டும். உத்திரமேரூர்ப் பகுதியிலோ வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்துவிடும். மே வரை வறட்சிதான். தண்ணீர் விடாமலே தாங்கி நிற்பது பனை. தென்னையில் குரும்பை உதிர்ந்துவிடும். ஆகவே இங்கு தென்னையின் வரலாற்றை ஏரியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இவ்வூரின் பெரிய ஏரி பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம். அதைத் தூர்வார அளித்த கொடைகள் கல்வெட்டுகளில் உள்ளன. முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக மட்டுமே மாணவர்கள் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் கற்பித்தேன். 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு தோட்ட வாரியத்துக்கு 12 பேரையும் ஏரி வாரியத்துக்கு 6 பேரையும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தோட்டத்துக்கு இருமடங்கு ஆட்கள்! அங்கு நின்ற மரங்களை அது பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. ஆனால் சோழர் செப்பேடுகள் சில தெங்கையும் பனையையும் சேர்த்தே கூறி, அவற்றில் ஏறும் உரிமைக்கு வரம்பு விதிக்கின்றன.

இன்று பல தோப்புகள் ஆழ்துளைக் கிணற்றை நம்பியுள்ளன. ஏரி நிரம்பாத ஆண்டில் கிணற்று நீரும் இறங்கிவிடும். பாளை வெடிப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது குருத்துக்குள் உருவாகத் தொடங்குவதால், ஒரு கோடையின் வறட்சி அதற்கடுத்த ஆண்டுகளின் காய்ப்பிலும் தெரியும்.