காலாடிப்பேட்டையும் சரிகைப் பட்டும்

சென்னை மெட்ரோ இரயில் பாதை 2021 பிப்ரவரியில் வடக்கே நீண்டபோது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு நிலையத்துக்குக் காலாடிப்பேட்டை என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரைக் கேட்டுச் சிரிக்கும் வெளியூர் நண்பர்கள் நமக்கு உண்டு. பேச்சுத் தமிழில் காலாடி என்றால் வேலைவெட்டியின்றித் தெருச்சுற்றுபவன். இவ்வூரின் முதற்குடிகளோ நெசவாளர்கள். தறிக்குழியில் மிதிகட்டையின்மேல் நாள் முழுதும் கால் ஆடிக்கொண்டிருந்ததைத் தவிர வேறு 'காலாட்டம்' அறியாதவர்கள்.

பெயர் வந்த வழி வேறு. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்கள் 1708இல் நவாப் தாவூத்கானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்தன. சில ஆண்டுகளில் பறிபோயின. பின்னர் தில்லிப் பேரரசர் ஃபரூக்சியர் அளித்த ஃபர்மானைக் காட்டி, 1717இல் ஆளுநர் ஜோசப் காலெட் அவற்றை மீட்டார். மீட்ட கையோடு திருவொற்றியூரில் நெசவாளர்களையும் துணியில் சித்திரம் தீட்டுவோரையும் குடியேற்றிப் பேட்டை ஒன்று அமைத்தார். அதுவே காலெட்பேட்டை. அவர் பதவியில் இருந்தபோதே எடுத்த கணக்கின்படி 104 வீடுகள், பத்துக் கடைகள், ஒரு கோயில், 489 மக்கள். காலெட் மறைந்தார், 'காலெட்' மக்கள் நாவில் 'காலாடி' ஆயிற்று.

இந்த மனிதரின் உருவத்தை இன்றும் காணலாம். சின்குவா என்ற சீனக் கலைஞர் 1716இல் களிமண்ணில் வடித்து வண்ணம் பூசிய சிலை அது. அதைக் காலெட் இங்கிலாந்திலிருந்த தம் மகளுக்கு அனுப்பினார். இப்போது அது இலண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிறது. நீண்ட பொய்முடி, ஐரோப்பியச் சீமான் உடை. பருத்தியை விற்றுப் பொருள் சேர்த்த ஒருவர் தம்மை எப்படி உடுத்திக் காட்ட விரும்பினார் என்பதற்கு அச்சிலை நல்ல சான்று.

காலாடிப்பேட்டையின் கதையைச் சொல்ல, அங்கே நெய்யப்படாத ஒரு துணியைப் பற்றிப் பேசியாக வேண்டும். அது சரிகைப் பட்டு. துணியின் அடித்தளத்தை நெய்துகொண்டு போகும்போதே, பூவோ கொடியோ வரவேண்டிய இடத்தில் மட்டும் தனியாக ஓர் ஊடையிழை, வண்ணப் பட்டோ பொன் சுற்றிய சரிகையோ, கோத்துக்கொண்டே செல்வது அதன் நுட்பம். உருவம் தறிக்குள்ளேயே பிறக்கிறது. நெசவாளிக்கு உதவியாகக் கயிறுகளை இழுத்துப் பாவிழைகளைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். ஒரு நாளில் சில அங்குலம் நகர்ந்தாலே பெரிது. துவைக்க முடியாது. உடுத்தியவரின் செல்வத்தைத் தொலைவிலிருந்தே அறிவித்துவிடும். அதற்காகத்தான் அதை உடுத்தினார்கள்.

சோழமண்டலக் கரையின் சீட்டித்துணி இதற்கு நேர் எதிர். வெறும் வெள்ளைப் பருத்தியை நெய்து, வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் ஏற்றி உலர்த்துவார்கள். படிகாரக் கரைசலால் வரைந்த இடம் சாயவேரில் முக்கியதும் சிவக்கும். இரும்புக் கரைசல் பட்ட இடம் கறுக்கும். நீலம் ஏறக்கூடாத பகுதியை மெழுகால் மூடி அவுரியில் தோய்ப்பார்கள். பொன்னும் பட்டும் இல்லாமல் நீரும் வேரும் வெயிலும் மட்டுமே கொண்டு செய்த இந்தப் பூக்கள், துவைக்கத் துவைக்க மங்கவில்லை. ஐரோப்பா அதுவரை அறியாத வியப்பு இது. பட்டின் பூவேலைப்பாட்டை அதன் விலையில் சிறு பங்குக்கு வாங்கலாம் என்றானபோது, சீமாட்டியும் அவளுடைய பணிப்பெண்ணும் ஒரே மாதிரித் துணியில் தெருவில் இறங்கினார்கள். உடையைப் பார்த்து ஆளின் தகுதியைச் சொல்லமுடியாத நிலை வந்தது. அன்று எழுதப்பட்ட கண்டனங்களில் வணிகக் கவலைக்கு நிகராக இந்த எரிச்சலும் தெரிகிறது.

அடி விழுந்தது இலண்டனின் ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்களுக்கு. அவர்களிலும் பலர் அகதிகளின் மக்கள். 1685இல் பிரெஞ்சு மன்னர் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு இருந்த பாதுகாப்பை நீக்கியதும் தறித்தொழிலோடு ஓடிவந்தவர்கள். ஆசியப் பட்டையும் தீட்டிய பருத்தியையும் இங்கிலாந்தில் உடுத்தக்கூடாதென 1700இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் வெள்ளைத் துணி வரத் தடையில்லை. அதை இலண்டனிலேயே அச்சிட்டு விற்றார்கள். 1719 ஜூனில் நெசவாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். பருத்தி கவுன் அணிந்த பெண்களைத் துரத்தி உடையைக் கிழித்தார்கள், மையையும் அமிலத்தையும் வீசினார்கள். அதே ஆண்டு 'ராபின்சன் குரூசோ' வெளியிட்ட டானியல் டீஃபோ, நெசவாளர்களுக்காக வாதாடும் இதழொன்றையும் நடத்தினார். 1721இல் நாடாளுமன்றம் பணிந்தது. அச்சிட்ட பருத்தியை உடுத்தினால் ஐந்து பவுன், விற்றால் இருபது பவுன் தண்டம். 1722 கிறிஸ்துமஸ் முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. காலெட்பேட்டைக்கு அப்போது வயது ஐந்துகூட நிரம்பவில்லை.

இங்கே நம் நாட்டு எழுத்தாளர் பலர் ஒரு முடிவுக்குத் தாவுவதுண்டு: ஆங்கிலேயன் பொறாமையால் நம் நெசவைக் கொன்றான் என்று. பாதி உண்மை. 1721ஆம் ஆண்டுச் சட்டம் சென்னைத் தறிகளை நிறுத்தவில்லை. 1734இல் ஆளுநர் மார்ட்டன் பிட் சிந்தாதிரிப்பேட்டை என்று இன்னொரு நெசவுக் குடியிருப்பை அமைத்ததே அதற்குச் சான்று. உண்மையான இடி, ஆலைத் துணியின் உருவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்தே விழுந்தது. ஸ்பிடல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்களையும் நம்மால் பகைக்க இயலவில்லை. பெண்களின்மேல் அமிலம் வீசியது கொடுமை; வீசிய கைகள் பட்டினி கிடந்தவை. கடலின் இரு கரையிலும் இரண்டு நெசவுத் தெருக்கள் ஒன்றையொன்று பார்க்காமலே போரிட்டன. இரண்டுக்கும் நடுவே நின்ற கம்பெனி எவரிடமும் தோற்கவில்லை. இங்கிலாந்தில் உடுத்தத்தானே தடை, இறக்கி மறுபடி ஏற்றுவதற்கு இல்லையே!

மறுபடி ஏற்றிய துணி சென்ற இடங்களில் ஒன்று மேற்கு ஆப்பிரிக்கா. எழுதும்போது நமக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அக்கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கக் கொடுத்த பொருள்களில் இந்தியத் துணிக்குப் பெரும் இடம் இருந்தது. நெய்தவனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அந்தக் கொடிய வணிகம் ஒழிந்த பின்னும் துணியின் மீதான விருப்பம் அங்கே நீடித்தது. நைஜீரியாவின் இக்போ மக்களிடையே திருமணங்களில் பெண்கள் இடுப்பில் சுற்றும் விலையுயர்ந்த துணிக்கு இன்றும் 'ஜார்ஜ்' என்று பெயர். செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து போனதால் வந்த பெயர் என்பர் ஆய்வாளர். இன்றைய ஜார்ஜ், பொன்னிழை வேலைப்பாடு நிறைந்து பளபளக்கும் துணி. பருத்திக் கோட்டையின் பெயர் கடைசியில் சரிகையின்மேல் ஏறிக்கொண்டது.

இன்னொன்றும் நம் மனத்தை உறுத்துகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஆன் ஷிப்பன் வில்லிங் என்ற சீமாட்டியை இராபர்ட் ஃபேக் 1746இல் ஓவியமாகத் தீட்டினார். அவள் உடுத்திய பூப்பட்டு ஸ்பிடல்ஃபீல்ட்ஸில் நெய்தது. அதன் வடிவத்தை 1743இல் வரைந்தவர் அன்னா மரியா கார்த்வெயிட், நெய்தவர் சைமன் ஜூலின்ஸ் என்பதுவரை தெரியும். கார்த்வெயிட்டின் நீர்வண்ண வரைவுகள் நூற்றுக்கணக்கில் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளன. சோழமண்டலச் சீட்டிகளும் அதே அருங்காட்சியகத்தில், அதே அளவு அழகோடு இருக்கின்றன. தீட்டியவர் பெயர் ஒன்றுகூட அவற்றோடு இல்லை. காலாடிப்பேட்டையின் 489 பேரும் நமக்கு ஓர் எண் மட்டுமே.

கணக்கில் வந்த அந்த ஒரு கோயில் கலியாண வரதராசப் பெருமாளுடையது என்பது ஊரார் வழக்கு. காலெட்டிடம் பணிபுரிந்த வீரராகவர் என்பவர் நாள்தோறும் காஞ்சிபுரம் சென்று வரதரைத் தொழுதுவிட்டே வேலைக்கு வருவாராம். அவரது பக்தியைச் சோதித்து வியந்த துரை, வரதரை இங்கேயே எழுந்தருளச் செய்தாராம். பாப்டிஸ்ட் கிறித்தவரான காலெட்டைப் பற்றி இப்படியொரு கதை! எவ்வளவு உண்மையோ, கதை நன்றாக இருக்கிறது. கோயில் இன்றும் இருக்கிறது. பேட்டையின் முதற்குடிகள் பருத்தியில் உழன்றவர்கள். அவர்கள் தெருவுக்கு வந்து சேர்ந்த தெய்வமோ பட்டுக்கும் சரிகைக்கும் பேர்போன காஞ்சியின் வரதர்.